விளையாட்டில் பிஎச்.டி.: ஊரிலா, வேலையோடா, வெளிநாட்டிலா?

எம்.பி.எட். (உடற்கல்வியில் முதுகலை) முடித்தவர்களும் சுற்றுலாவியலில் முதுகலை முடித்தவர்களும் பிஎச்.டி. பற்றிப் பேச ஆரம்பித்தால் முதல் கேள்வி ஊரைப் பற்றித்தான் இருக்கிறது. சென்னையா, குவாலியரா, லண்டனா? இரண்டாவது கேள்வி பணம். தலைப்பு மூன்றாவதாக வருகிறது. சிலருக்கு அதுவும் சேர்ந்த பிறகு கைடு (ஆய்வு நெறியாளர்) கையில் கொடுப்பது. இந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்வேன். உங்கள் கேள்விக்கான தரவு எங்கே கிடைக்கும் என்பதை முதலில் பாருங்கள். டிரெட்மில்லில் ஓடுகிறவரின் மூச்சுக்காற்றிலா, வாடிவாசலைச் சுற்றி நிற்கும் கூட்டத்திலா, நீங்கள் தினமும் விசில் ஊதும் பள்ளி மைதானத்திலா? அது தெளிவாகிவிட்டால் ஊர், பணம், முழுநேரம், பகுதிநேரம் எல்லாவற்றையும் அதை வைத்தே ஒப்பிடலாம்.

விளையாட்டு, உடற்பயிற்சி அறிவியல், சுற்றுலா மூன்றையும் சேர்த்துச் சொல்வது நம் ஊரில் புதிதாகப் படலாம். பிரிட்டனில் அப்படி இல்லை. அங்கே பல்கலைக்கழகங்களின் ஆய்வுத் தரத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மதிப்பிடுகிறார்கள். 2021 மதிப்பீட்டில் 24-ஆவது பிரிவு விளையாட்டு, உடற்பயிற்சி அறிவியல், ஓய்வுநேரம், சுற்றுலா எல்லாவற்றுக்கும் பொதுவானது. ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் சுற்றுலாவுக்கும் விளையாட்டுக்கும் ஹோட்டல் மேலாண்மைக்கும் ஒரே துறை வைத்திருந்தார்கள். நம்மிடம் உடற்கல்வி ஒரு கட்டடம், சுற்றுலா இன்னொரு கட்டடம். கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான நெட் தேர்வில்கூட உடற்கல்விக்கு 47, சுற்றுலாவுக்கு 93 என்று தனித்தனிப் பாட எண்கள். ஜல்லிக்கட்டு பார்க்க வரும் பயணிகளைப் பற்றி ஆய்வு செய்ய நினைப்பவருக்கு இது வெறும் நிர்வாகச் சிக்கல் அல்ல. உடற்கல்வித் துறைக்குப் போனால் இது சுற்றுலாத் தலைப்பு என்பார்கள், சுற்றுலாத் துறைக்குப் போனால் உங்கள் முதுகலை என்ன என்று கேட்பார்கள். எந்தத் துறையின் பெயரில் பட்டம் வாங்குகிறோம் என்பதுதான் பிறகு எந்தத் துறையில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதையும் தீர்மானிக்கும். இதை முதல் நாளே யோசிக்க வேண்டும்.

ஜே.ஆர்.எஃப். கையில் இருந்தால்

முழுநேரம் என்றால் உதவித்தொகையோடுதான், அதாவது நெட் தேர்வு வழியே கிடைக்கும் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) போன்றதோடு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, பொதுவாக அதிகபட்சம் 6 ஆண்டு. மூன்றே ஆண்டில் முடிப்பவர்கள் குறைவு. அத்தனை காலம் வருமானம் இல்லாமல் ஓட்டுகிறவர் பாதியில் ஒரு தனியார் பள்ளி வேலைக்குப் போய்விடுகிறார். அதன்பின் ஆய்வு விடுமுறை நாள் வேலையாகிவிடுகிறது. ஜே.ஆர்.எஃப். என்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை உதவித்தொகை) ஆனதும் 42,000, கூடவே வீட்டு வாடகைப் படி. பணம் சில நேரம் மாதங்கள் தள்ளி வரும் என்பதால் கொஞ்சம் கையிருப்போடு சேருவது நல்லது. வயது வரம்பு 30. பெண்கள், ஓபிசி, எஸ்சி, எஸ்டி பிரிவினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. ஆகவே பயிற்சியாளர் வேலை, போட்டிகள் என்று இருபதுகளைக் கழித்துவிட்டு வருகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கடிகாரத்தை.

2024 ஜூன் தேர்விலிருந்து நெட் மதிப்பெண்ணை பிஎச்.டி. சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். ஜே.ஆர்.எஃப். கிடைக்காதவர்களுக்கு அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். தேர்வுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் கொடுக்கிறார்கள். தேர்வு முடிவு வந்த பிறகு கைடு தேடக் கிளம்பினால் அந்த ஓராண்டு போவதே தெரியாது.

கைடு என்றதும் ஒன்று. பேராசிரியர் ஒருவர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் வழிகாட்டலாம். ஓய்வுக்கு மூன்று ஆண்டுகளுக்குள் இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்கக் கூடாது. நல்ல கைடு என்று எல்லோரும் கைகாட்டும் ஒருவரிடம் இடமே இல்லாமல் இருக்கலாம். அதற்காக இடம் இருப்பவரிடம் கண்ணை மூடிக்கொண்டு போக வேண்டியதில்லை. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா தளத்தில் அவர் வழிகாட்டிய ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கும். இரண்டு மூன்றைத் திறந்து முறையியல் அத்தியாயத்தை மட்டும் படியுங்கள். 45 மாணவர்கள், பதினைந்து பதினைந்தாக மூன்று குழு, 12 வாரப் பயிற்சி, முன்சோதனை, பின்சோதனை, ஆன்கோவா, ஷெஃபே என்ற புள்ளியியல் சோதனைகள். ஒவ்வொரு ஆய்வேட்டிலும் இதே சட்டகம், பயிற்சியின் பெயர் மட்டும் யோகா, பிளையோமெட்ரிக், சர்க்யூட் என்று மாறுகிறது என்றால் உங்களுக்கும் அதுதான் கிடைக்கப்போகிறது.

இந்தச் சட்டகத்தின் மேல் எனக்கு ஏன் இவ்வளவு வருத்தம் என்றால், அது மாணவரின் உழைப்பை வீணடிக்கிறது. இரண்டு குழுக்களுக்கு இடையே நடுத்தர அளவு வித்தியாசம் ஒன்றை 80 விழுக்காடு உறுதியோடு பிடிக்க வேண்டுமென்றால் வழக்கமான கணக்கில் குழுவுக்கு 64 பேர் தேவை. முன்சோதனை மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்தால் இது குறையும், ஆனால் பெரும்பாலும் பதினைந்துக்கு இறங்காது. மிகப் பெரிய வித்தியாசம் இருந்தால்தான் 15 பேரில் தெரியும். நாலு வருடம் வெயிலில் நின்று திரட்டிய தரவை வெளியே எந்த நல்ல ஆய்விதழுக்கும் அனுப்ப முடியாமல் போவது இதனால்தான். 2022 விதிகள் ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டன. ஆனால் வேலைக்குப் போகும்போது கட்டுரை எங்கே என்றுதான் கேட்பார்கள்.

தமிழ்நாட்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை. மேலக்கோட்டையூரில் 2005 முதல் இயங்கும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கிய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி, காரைக்குடி அழகப்பா என்று நீண்ட மரபு. வெளியே போனால் 1957-இல் தொடங்கிய குவாலியர் லட்சுமிபாய் நிறுவனமும், இம்பாலில் தேசிய விளையாட்டுப் பல்கலைக்கழகமும் உண்டு. இரண்டு துறைகளுக்கும் நடுவே நிற்கும் தலைப்பு என்றால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தை நான் முதலில் பார்ப்பேன். உடற்கல்வித் துறையும் சுற்றுலாவியல் துறையும் அங்கே ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இணை நெறியாளரை வேறு துறையிலிருந்து வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது.

வேலையை விடாமல்

பகுதிநேர பிஎச்.டி.யை இளப்பமாகப் பேசுவது ஒரு வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அரசுப் பள்ளியில் பத்து ஆண்டு வேலை பார்த்த ஒரு பி.டி. ஆசிரியரிடம் இருக்கும் தரவு வாய்ப்பு எந்த முழுநேர ஆய்வாளருக்கும் கிடையாது. ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு ஆண்டும் அளக்க அவரால் முடியும். கேலோ இந்தியா உடற்தகுதி மதிப்பீட்டில் 9 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், உட்கார்ந்து முன்வளைதல், வயிற்றுத் தசைப் பயிற்சி, புஷ் அப், உயரம், எடை இவ்வளவுதான். ஸ்டாப்வாட்ச், டேப், எடை மெஷின் போதும். ஒரே பிள்ளைகளைத் தொடர்ந்து ஐந்து ஆண்டு இப்படி அளந்த ஒரு தரவுத் தொகுப்பு, மேற்சொன்ன 45 பேர் ஆய்வைவிடப் பல மடங்கு மதிப்புள்ளது. பகுதிநேரத்தில் ஆகும் நீண்ட காலம் இந்த இடத்தில் குறையே இல்லை, அதுதான் பலம்.

ஆனால் இங்கே ஒரு நுட்பமான பிரச்சினை இருக்கிறது. காலை அசெம்பிளி முடிந்ததும் ஆசிரியர் வந்து, ஆராய்ச்சிக்கு யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டால் எந்தப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்? மார்க் போடுகிறவரும் அவர்தான், மாவட்டப் போட்டிக்கு அணியைத் தேர்ந்தெடுப்பவரும் அவர்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகள் இப்படிக் கீழ்நிலையில் இருப்பவர்களைக் கூடுதல் பாதுகாப்பு தேவைப்படுவோராகவே பார்க்கின்றன. பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். 7 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளையின் வாய்மொழி இசைவும், அதற்கு மேல் 18 வரை எழுத்து இசைவும் வேண்டும். இதற்கு நல்ல வழி, ஒப்புதல் வாங்கும் வேலையை வேறு பாட ஆசிரியரிடம் விடுவது. மறுத்தவர் யார் என்று உங்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதும் நல்லது. முன்பே எடுத்து வைத்த அளவுகளைப் பின்னால் ஆய்வுக்குச் சேர்த்துக்கொள்ள நினைத்தால் அதற்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவைப்படும். அளக்கத் தொடங்கும் முன்பே அனுமதி வாங்கிவிடுங்கள்.

வேலை பார்க்கும் இடத்தில் வாங்கும் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) கடிதம் வெறும் ஒற்றை வரியாக இருந்தால் போதாது. பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு, பணி நேரம் ஆய்வுக்கு இடம் கொடுக்கும், தேவைப்பட்டால் கோர்ஸ்வொர்க் (தொடக்கப் பாடப் பகுதி) முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். மூன்றாவது விஷயத்துக்குத்தான் பலரும் அலைகிறார்கள். கோர்ஸ்வொர்க் குறைந்தது 12 கிரெடிட். பகுதிநேரத்தாருக்கும் விலக்கு இல்லை. தொலைநிலைக் கல்வியில் பிஎச்.டி. என்று யாராவது விளம்பரம் செய்தால் ஒதுங்கிவிடுங்கள், அதற்கு அனுமதியே கிடையாது.

பெண்களுக்கு ஒரு செய்தி. 6 ஆண்டுக்குப் பிறகு எல்லோருக்கும் கிடைக்கக்கூடிய 2 ஆண்டு நீட்டிப்புக்கு மேல் இன்னும் 2 ஆண்டு, ஆக மொத்தம் 10 ஆண்டு வரை போகலாம். 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு. இதைத் தெரியாமல், குழந்தை பிறந்ததும் பதிவை ரத்து செய்துவிட்டு வீட்டில் இருந்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். மனம் பொறுக்காத விஷயம் அது.

ஆய்வகம் தேவைப்படும் கேள்வி

உடற்பயிற்சி உடலியங்கியலில் ஆய்வு செய்ய நினைப்பவர் உடல் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் என்று அளக்கும் விஓ2 மேக்ஸ் சோதனை ஒன்றை நேரில் பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுக்க வேண்டும். சோதனைக்கு வருகிறவர் வாசலில் காத்திருக்க, உள்ளே கருவிக்குச் சோதனை நடக்கிறது. அளவு தெரிந்த வாயு அடைத்த சிலிண்டரைத் திறந்து ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு உணரிகளைச் சரிபார்க்கிறார்கள். மூன்று லிட்டர் சிரிஞ்சை இழுத்துத் தள்ளிக் காற்றின் கனஅளவு சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கிறார்கள். அதன் பிறகுதான் முகத்தில் மாஸ்க், நெஞ்சில் இதயத் துடிப்பை அளக்கும் பட்டை. புரூஸ் முறை என்றால் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை டிரெட்மில்லின் வேகமும் ஏற்றமும் கூடும். ஓடுபவரின் வாய் மாஸ்க்குக்குள் பேச முடியாமல் திணறும்போது திரையில் ஆக்சிஜன் கோடு ஏறாமல் படுக்கிறதா, வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடுக்கும் உள்ளே எடுக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம் 1.10-ஐத் தாண்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முடிந்ததும் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், கடும் உழைப்பில் ரத்தத்தில் கூடும் லாக்டேட்டை அளக்க.

இதற்குப் பதில் கூப்பர் சோதனை போதுமே என்பார்கள். 12 நிமிடத்தில் ஓடிய தூரத்தை மீட்டரில் எடுத்து, அதிலிருந்து 504.9-ஐக் கழித்து 44.73-ஆல் வகுத்தால் விஓ2 மேக்ஸ் வந்துவிடும். 2,400 மீட்டர் ஓடியவருக்கு 42.4. கென்னத் கூப்பர் 1968-இல் வெளியிட்டது, நல்ல சோதனைதான். 500 காவலர்களின் உடற்தகுதியை ஒரே வாரத்தில் மதிப்பிட வேண்டுமென்றால் அதுதான் சரி. ஆனால் ஒரு பயிற்சி ஆக்சிஜன் பயன்பாட்டை 3 விழுக்காடு உயர்த்துகிறதா என்பது உங்கள் கேள்வி என்றால் அந்தச் சோதனை உதவாது. அன்றைய வெயில், ஓடுபவரின் மனநிலை, வேகத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் பழக்கம் எல்லாம் சேர்ந்து அந்த 3 விழுக்காட்டை விழுங்கிவிடும்.

ஆகவே கருவி தேவைப்படும் கேள்வி என்றால் கருவி இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். அந்த இடம் வெளிநாடாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவின் பயோமெக்கானிக்ஸ் ஆய்வகம் சந்தேகத்துக்குரிய பந்துவீச்சைச் சோதிக்க ஐசிசி அங்கீகாரம் பெற்றது. முழங்கை நீட்டம் 15 பாகையைத் தாண்டுகிறதா என்று அளக்கக்கூடிய இடத்தில் வேகப்பந்து வீச்சாளரின் முதுகுக் காயம் பற்றியும் கேள்வி கேட்கலாம். பொறியியலோ அறிவியலோ படித்துவிட்டு விளையாட்டுக்கு வர நினைப்பவருக்கு ஐஐடி மெட்ராஸின் விளையாட்டு அறிவியல் மற்றும் பகுப்பாய்வு மையம் இருக்கிறது. எங்கே போனாலும் நேர்காணலில் நீங்கள் கேட்க வேண்டியது, கருவி இருக்கிறதா என்பதை அல்ல. கடைசியாக யார், எப்போது, எத்தனை பேரை அதில் சோதித்தார், பழுதானால் சரிசெய்யும் ஒப்பந்தம் இருக்கிறதா, வாரத்தில் எத்தனை மணி நேரம் எனக்குக் கிடைக்கும் என்று கேளுங்கள். திறப்பு விழாப் படத்தில் மட்டும் இயங்கும் கருவியை நம்பித் தலைப்புப் பதிவு செய்துவிட்டு, கடைசியில் கூப்பர் சோதனைக்குத் திரும்பிய ஆய்வுகள் உண்டு.

களம் ஊரில் இருக்கும்போது

சுற்றுலா ஆய்வில் நிலைமை நேர்மாறு. விளையாட்டுச் சுற்றுலாவுக்கு இவ்வளவு வளமான களம் இன்று நம்மிடம் இருக்கும்போது அதை விட்டுவிட்டுப் போக வேண்டுமா என்று ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட். 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவையில் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகள். அதே மாதம் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் ஜல்லிக்கட்டுக்கென்றே ஒரு அரங்கம் திறக்கப்பட்டது. 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளோடு ட்ரெக் தமிழ்நாடு திட்டம். கோவளத்தில் அலைச்சறுக்கு. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையின் அறுகம்பையில், தமிழும் சிங்களமும் பேசும் ஊர்கள் நடுவே அலைச்சறுக்கை நம்பியே ஒரு பொருளாதாரம். இதில் ஒவ்வொன்றும் ஒரு முழு ஆய்வுக்குத் தாங்கும்.

ஜல்லிக்கட்டையே எடுத்துக்கொள்வோம். தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். இந்த மூன்று ஊர்களுக்கு வரும் பயணிகளிடம் நேரில் கேட்க வேண்டியதையெல்லாம் ஆண்டுக்கு அந்த மூன்று நாளில் கேட்டாக வேண்டும். மூன்று ஆண்டு பிஎச்.டி.யில் மூன்று தைதான் வரும். முதல் தை கோர்ஸ்வொர்க்கிலும் நெறிமுறை அனுமதியிலும் போய்விடும். இரண்டாவது தையில் வினாப்பட்டியலைச் சோதித்துப் பார்த்து, மூன்றாவதில் உண்மையான தரவு எடுத்தால், பகுப்பாய்வுக்கு நேரம் இருக்காது. மதுரைக்காரர் என்றால் சேருவதற்கு முந்தைய தையிலேயே போய் நின்று பார்க்கலாம்: காளை உரிமையாளர் எந்தப் பக்கம் வண்டி நிறுத்துகிறார், வெளிநாட்டவர் உட்காரும் மேடை எது, ஊர்க்காரர் வீட்டு மாடியை வாடகைக்கு விடுகிறாரா, விட்டால் யாருக்கு. லண்டனிலிருந்து விமானம் பிடித்து வருகிறவருக்கு இந்த முதல் ஆண்டு அறிவு கிடையாது. கீழக்கரை அரங்கம் வந்தபின் ஊர்த் திருவிழாவும் அரங்கப் போட்டியும் பயணிகளுக்கு ஒன்றாகப் படுகின்றனவா வேறாகவா என்று கேட்க இது சரியான காலம். இன்னும் பத்து ஆண்டு கழித்து, முன்பு எப்படி இருந்தது என்று கேட்டால் நினைவை நம்பித்தான் சொல்வார்கள்.

மலையேற்றம் இன்னொரு விதம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறச் சென்ற இளைஞர்கள் உயிரிழந்த பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்றம் என்பது பாதுகாப்புக் கேள்வியும்தான். இப்போது பாதைகளில் உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள். ஏற்றத்தில் ஒரு பயணியின் இதயத் துடிப்பு எங்கே போகிறது என்பது உடற்பயிற்சி அறிவியல், வழிகாட்டியின் வருமானம் எங்கே போகிறது என்பது சுற்றுலா. இரண்டையும் ஒரே ஆய்வேட்டில் வைக்க நம் பல்கலைக்கழகங்களில் துணிச்சலான ஒரு கைடும் ஓர் இணை நெறியாளரும் போதும். வனத்துறை அனுமதிக்கு நேரம் பிடிக்கும், அதைத் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.

வெளிநாடு, பணத்தோடு

வெளிநாடு போகத்தான் வேண்டும் என்ற கேள்விகளும் உண்டு. தசைத் திசு எடுத்துப் பார்க்கும் ஆய்வு, குறை ஆக்சிஜன் அறையில் பயிற்சி, பெரிய அணிகளின் பல ஆண்டுக் காயத் தரவு. இவற்றுக்குப் போங்கள். ஆனால் சொந்தப் பணத்தில் போகாதீர்கள். கல்விக் கடனில் பிஎச்.டி. என்பதை எந்த நாட்டுக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிரிட்டனில் அரசு ஆய்வு மன்றங்களின் நிதி 2025-26-இல் ஆண்டுக்குக் குறைந்தது 20,780 பவுண்ட். புதிதாகச் சேர்ப்பவர்களில் 30 விழுக்காடு வரை வெளிநாட்டவராக இருக்கலாம். பல்கலைக்கழகங்கள் தாங்களே கொடுக்கும் உதவித்தொகையில்தான் கவனம் வேண்டும். கட்டணம் முழுவதும் இலவசம் என்று எழுதியிருக்கும், அது உள்நாட்டு மாணவர் கட்டண அளவுக்கு மட்டுமாக இருக்கும். மீதி வித்தியாசம் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் உங்கள் தலையில் விழும். இதைக் கேட்காமல் ஆஃபர் லெட்டரைப் பார்த்து இனிப்பு கொடுத்துவிடக் கூடாது. 2024 முதல் மற்ற மாணவர்களில் பெரும்பாலானோர் குடும்பத்தை அழைத்துவர முடியாது என்றாலும் பிஎச்.டி. மாணவர்களுக்கு அந்தத் தடை இல்லை.

ஜெர்மனியும் நார்வேயும் வேறு முறை. நார்வேயில் பிஎச்.டி. மாணவர் சம்பளம் வாங்கும் ஊழியர். பேராசிரியர் விளம்பரம் கொடுத்த பணிக்கு விண்ணப்பிக்கிறீர்கள், தலைப்பு பெரும்பாலும் அவருடைய திட்டத்துக்குள் இருக்கும். கொலோன் விளையாட்டுப் பல்கலைக்கழகத்திலும் திட்டப் பணியிடங்கள் இப்படித்தான், அநேகமாக அரைப் பணி அல்லது முக்கால் பணிச் சம்பளம், கல்விக் கட்டணம் கிடையாது. சொந்தக் கேள்வியோடு போகிறவருக்கு இது இறுக்கமாகத் தோன்றும். நல்ல ஆய்வகத்தில் கைப்பழக்கம் வேண்டும் என்பவருக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை என்பேன்.

குடும்பத்தோடு போகிறவருக்கு நான் முதலில் சொல்வது நியூசிலாந்து. வெளிநாட்டு பிஎச்.டி. மாணவரிடமும் உள்நாட்டுக் கட்டணமே வாங்குகிறார்கள், வேலை நேர வரம்பு இல்லை. டனீடனில் உள்ள ஒடாகோ பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி, விளையாட்டு, உடற்பயிற்சி அறிவியல் பள்ளியும் இருக்கிறது, சுற்றுலாத் துறையும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அரசின் ஆய்வுப் பயிற்சி உதவித்தொகை கிடைத்தால் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்தே தீரும். கிடைக்காவிட்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எஸ்சி பிரிவினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், மரபுக் கைவினைஞர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது. வயது 35-க்குள், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள். ஆனால் 2022 வழிகாட்டு நெறிகள் இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா சார்ந்த சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளை விலக்கிவிட்டன. ஜல்லிக்கட்டுச் சுற்றுலா என்று எழுதினால் கதவு சாத்தப்படும், லாக்டேட் என்று எழுதினால் திறக்கும். தன் மக்களின் விளையாட்டைப் பற்றி உலகத்தரமான இடத்தில் படிக்க வேண்டும் என்று ஆசைப்படும் ஒரு முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இது அநியாயம். அதற்காக விதி இல்லாதது போல விண்ணப்பித்து ஓராண்டை இழக்காதீர்கள்.

திரும்பி வந்தால்

வெளிநாட்டுப் பட்டத்தோடு இங்கே உதவிப் பேராசிரியர் ஆக, நெட் இல்லாவிட்டால், அந்தப் பல்கலைக்கழகம் க்யூஎஸ், டைம்ஸ், ஷாங்காய் ஆகிய பொதுத் தரவரிசைகளில் ஒன்றில் முதல் 500-க்குள் இருந்திருக்க வேண்டும். விளையாட்டுக்கென்றே இருக்கும் சிறப்புப் பல்கலைக்கழகங்களுக்குச் சிக்கல் இங்கேதான். பல துறைகள் இருக்கும் பல்கலைக்கழகங்களை வைத்தே பொதுப் பட்டியல்கள் போடப்படுகின்றன. ஷாங்காய் நிறுவனம் விளையாட்டு அறிவியலுக்குத் தனிப் பட்டியல் வெளியிடுகிறது, ஆனால் விதி சொல்வது அதை அல்ல. ஆகவே கொலோனுக்கோ ஆஸ்லோவின் விளையாட்டு அறிவியல் பள்ளிக்கோ போகிறவர் கிளம்பும் முன் நெட் தகுதியை வாங்கி வைத்துக்கொள்வது பாதுகாப்பு. 2023 ஜூனில் வந்த திருத்தத்துக்குப் பிறகு உதவிப் பேராசிரியருக்கு நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்வு போதும், பிஎச்.டி. கட்டாயமில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். வேலை மட்டும்தான் நோக்கம் என்றால் பிஎச்.டி.க்கு முன் நெட்.

கல்லூரி உடற்கல்வி இயக்குநர் பதவி என்றால் இன்னொன்றும் உண்டு. யுஜிசி 2018 விதிப்படி உடற்தகுதித் தேர்வு. 30 வயது வரை ஆண்கள் 12 நிமிடத்தில் 1,800 மீட்டர், 40 வரை 1,500, 45 வரை 1,200. பெண்கள் 8 நிமிடத்தில் 1,000, 800, 600. ஐந்தாறு ஆண்டு கணினி முன்னால் உட்கார்ந்து ஆய்வேடு எழுதியவர் இதில் திணறுவது உண்மையாகவே நடக்கிறது. ஆய்வேட்டு ஆண்டுகளிலும் ஓட்டத்தை விடாதீர்கள்.

இனி நாட்காட்டி. நெட் ஜூனிலும் டிசம்பரிலும். பிரிட்டனின் நிதியோடு கூடிய இடங்களுக்கு விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் முடிந்துவிடும். அடுத்த செப்டம்பரில் சேர நினைப்பவர் இந்த ஆகஸ்ட்டிலேயே பேராசிரியர்களுக்கு எழுதத் தொடங்க வேண்டும். முதல் மின்னஞ்சலில் உங்கள் பதக்கங்களின் பட்டியலைவிட அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து எழுந்த ஒரு கேள்வியும், அதற்கு விடை தேட உங்களிடம் இருக்கும் களமோ தரவோ என்ன என்பதும் இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பத்துப் பேருக்கு எழுதினால் இரண்டு மூன்று பதில் வரும். உள்ளூர்க் கைடுக்கும் இதே கடிதம்தான், தமிழில் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.